காற்றறியாத பாயும் ஆழித்துறை மருமக்களும்

திரு நிலைக்க. நீர் பெருக. நெல்லும் உப்பும் எந்த வீட்டிலும் குறையாதிருக்க.

சேலாற்றின் இரு கரையையும் ஒரு குடைக்கீழ் வைத்துக் காப்பவரும், தண்பொழில் நாட்டின் ஏழு துறைகளுக்கும் உரியவரும், கொடுத்த வாக்கை முடியினும் பெரிதாக மதிப்பவருமாகிய நீலவேணித் தேவியார் திருவாய் மலர்ந்தருள, திருமுகம் எழுதும் கண்ணந்தை எழுதிய ஓலை. ஆழித்துறையின் தலைமகனும், அவ்வூர்த் துடுப்புக் குழுவுக்குச் சுக்கான் பிடிப்பவருமாகிய எயினாதன் காண்க. உமக்கும், உம் மனையாள் நாகையார்க்கும், ஊர் அவையோர்க்கும், கொட்டகையில் கவிழ்ந்து கிடக்கும் உம் நெடும்படகுக்கும் தேவியாரின் நல்வாழ்த்து. படகுக்கு வாழ்த்துக் கூறுவது அரண்மனை வழக்கமன்று. இம்முறை கூறச் சொன்னார், எழுதினேன்.

நீர் விடுத்த விண்ணப்பம் வந்து சேர்ந்தது. தெப்பத் திருநாளில் ஏழு துறைகளும் தத்தம் நெடும்படகை இறக்கிப் பந்தயம் விடுவதும், முந்திய படகே அம்மன் தெப்பத்தின் வடத்தை முதலில் பிடிப்பதும் நாடறிந்த வழக்கம். இருக்கை ஒன்று வெறுமையாய் இருந்தாலும் அப்படகு பந்தயக் கயிற்றைத் தொடலாகாது என்பதும் அவ்வழக்கத்தில் அடக்கம். ஆழித்துறையில் துடுப்புப் பிடிக்கக் கைகள் போதவில்லை, சில ஆண்டுகளாய்ப் படகு கரையேறிக் கிடக்கிறது, ஊரார் பார்வையில் கிடந்து அது வெட்கப்படுவதைக் காட்டிலும் துறைகளின் வரிசையிலிருந்து எங்கள் பெயரையே நீக்கிவிடுக என்று கேட்டிருக்கிறீர். ஒருமுறை நீக்கிய பெயர் மறுபடி ஏறாது என்பது உமக்குத் தெரியும். தெரிந்தே கேட்டிருக்கிறீர்.

ஆழித்துறை இருந்த இருப்பைத் தேவியார் சிறுமியாய் இருந்தபோது கண்டிருக்கிறார். கப்பல்கள் வரிசை கட்டி நிற்க, பண்டகசாலைகளில் மிளகு மணமும் கருவாட்டு மணமும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்க, ஊருக்குள் நுழைந்தவர் நாலு மொழியில் ஏச்சு வாங்காமல் வெளியேற முடியாது என்று பேர். எதிர்க்கரைத் தாழைமுகமோ அந்நாளில் வலை காயும் மணல்மேடு. அங்கே பெண் கொடுப்பதென்றால் உம் ஊரார் மூக்கைச் சுளிப்பார்கள். பிறகு அந்தப் பெருவெள்ளம் வந்தது. ஒரே மழைக்காலத்தில் சேலாறு உம் முகத்துவாரத்தை மணலால் மூடிவிட்டுத் தாழைமுகத்தின் பக்கமாகக் கடலுக்கு வழி வெட்டிக்கொண்டது. அதில் உம் ஊரார் செய்த பிழையும் இல்லை. எதிர்க்கரையார் காட்டிய சாமர்த்தியமும் இல்லை. ஆறு புரண்டு படுத்தது, அவ்வளவே. கப்பல்கள் அங்கே போயின. கப்பல்களின் பின்னே வணிகர் போயினர். வணிகர் பின்னே உம் ஊர் இளைஞர் போயினர். மூக்கைச் சுளித்த வீடுகளே படகேறிப் போய்ச் சம்பந்தம் பேசின. இன்று ஆழித்துறைச் சுங்கச்சாவடியில் ஆடுகள் படுக்கின்றன என்று கேள்வி.

ஆகவே உம் விண்ணப்பத்தில் நியாயம் உண்டென்று கருதி, ஏற்றோம் என்று எழுத நான் எழுத்தாணியை எடுத்ததும் உண்மை. எழுதவிடாமல் செய்தவள் உம் மகள் வெண்ணி.

உம் விண்ணப்பத்தைச் சுமந்து வந்தவன் தாழைமுகத்தில் ஓடம் மாறும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. செய்தி காதில் விழுந்ததும் வெண்ணி உலையில் போட்ட அரிசியை அயல்வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, கணவன் காரியிடம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, நேரே தலைநகர் வந்து சேர்ந்தாள். காலில் புழுதியோடு அவை நடுவே நின்றாள். தன் தந்தையின் ஓலைக்கு விடை எழுதுமுன் தான் சொல்வதைக் கேட்க வேண்டும் என்றாள். அழமாட்டேன் என்றும் முன்கூட்டியே சொன்னாள். அந்த வாக்கை மட்டும் அவளால் காக்க முடியவில்லை.

அவள் கூறியது இது. துடுப்புக்கு ஆள் குறைந்த ஊர், தன் பெண்களைக் கட்டிய மருமக்களை வெற்றிலையும் புத்தாடையும் வைத்து அழைக்கலாம் என்பதும், அழைக்கப்பட்டவன் அந்த ஒரு நாள் மாமனார் ஊர் ஆளாகவே எண்ணப்படுவான் என்பதும், அழைக்காமல் எவனும் போகலாகாது என்பதும் உங்கள் இரு கரைக்கும் உள்ள முறை. திருநாளுக்கு முந்தின நாள் அழைக்க வேண்டும். தாழைமுகத்தின் முன்துடுப்புக்காரனாகிய அவள் கணவன் காரி, ஆண்டுதோறும் அந்த நாளில் விடியலிலேயே குளித்துவிடுகிறான். வெளுத்த வேட்டி உடுத்தி, ஆற்றைப் பார்த்த வாசற்படியில் அமர்கிறான். எதற்கென்று முதலாண்டு அவள் கேட்டபோது காற்று வாங்குவதாகச் சொன்னான். காற்று வாங்குகிறவன் தலைக்கு எண்ணெய் வைத்து வகிடு எடுப்பானேன் என்று அவள் சிரித்தாளாம். விளக்கு வைக்கும் வேளைவரை அவன் எழவில்லை. சாப்பிடவும் இல்லை. அதன்பின் அவள் சிரிக்கவில்லை. அடுத்த ஆண்டு அவள் தெருவில் நடந்து பார்த்தாள். ஆழித்துறைப் பெண்ணைக் கட்டிய ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒருவன் குளித்து உட்கார்ந்திருந்தான். ஒருவனைப் பார்த்து ஒருவன் பார்க்காதது போல் இருந்தான்.

நீங்களே போனால் என்ன என்று அவள் ஒருமுறை கேட்டுவிட, காரி சீறினானாம். தாழைமுகம் செழித்துவிட்டது என்று மாமனார் ஊருக்கு மனத்தாங்கல், அதனால்தான் வெற்றிலை வரவில்லை, வேண்டாதவன் வாசலில் போய்த் தான் நிற்பதா என்றானாம். மாப்பிள்ளை முறுக்கு எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

அவள் உம்மிடமும் வந்தாள். நினைவிருக்கிறதா? சென்ற ஆண்டு மீனும் பனங்கிழங்கும் கட்டிக்கொண்டு வந்தவள், வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்பினாள். சொல்ல வாயெடுக்கும்முன் நீர், பெருங்கப்பல் பார்த்த மருமக்களுக்கு இந்த மணல்மேடு இனி எங்கே நினைவிருக்கப் போகிறது என்று சொல்லிவிட்டீர். பின்பு அடுக்களையில் நாகையார் அவளிடம் வேறொன்று சொன்னார். ஊர் வழக்கப்படி தலைமகன் வீட்டிலிருந்தே எல்லா மருமக்களுக்கும் புத்தாடை போக வேண்டும். பெட்டியில் துணி இல்லை. வெறும் வெற்றிலையை அனுப்பினால் நம் பெண்களைப் புகுந்த வீட்டார் முன் தலைகுனிய வைத்தது போலாகும், அதற்குப் படகே கிடக்கட்டும் என்று நீர் சொன்னீராம். வெண்ணி அதைக் கணவனிடம் சொல்லவில்லை. தந்தையின் வறுமையை எந்த மகள் புகுந்த வீட்டில் போய்ச் சொல்வாள்? கணவன் காத்திருப்பதை உம்மிடமும் சொல்லவில்லை. சொன்னால் நீர் கடன்பட்டேனும் துணி வாங்குவீர் என்று அவளுக்குத் தெரியும். அக்கரையில் ஒரு கோபம், இக்கரையில் ஒரு கோபம். இரண்டின் அடியிலும் இருப்பது அன்புதான் என்று தெரிந்தவள் அவள் ஒருத்தி. தெரிந்தும் வாய் திறக்க முடியாமல் ஓராண்டு வெந்திருக்கிறாள்.

தேவியார் மனம் இளகி, அரண்மனைப் பண்டாரத்திலிருந்து புத்தாடை அனுப்பச் சொல்லட்டுமா என்று வினவினார். வெண்ணி வேண்டாம் என்றாள். அனுப்பினால் தன் தந்தை அதை மடிப்புக் கலையாமல் திருப்பிவிடுவார் என்றும், அவர் வீட்டிலிருந்து வந்தால்தான் அது அழைப்பு, அரண்மனையிலிருந்து வந்தால் ஏவல் என்றும் சொன்னாள். அவையில் இருந்த பெரியவர்கள் கூரையைப் பார்த்தார்கள். அப்படியானால் உன் தந்தை வீட்டில் என்னதான் இருக்கிறது என்று தேவியார் கேட்டார். வலைக்குண்டுகளும், கைப்பிடி போன ஒரு சுக்கானும், கொடிக்கால் வெற்றிலையும், ஒரு பெரும்பாயும் இருக்கின்றன என்றும், ஆனால் அந்தப் பாய் தன் வீட்டாருடையது அன்று, அரசருடையது என்றும் மறுமொழி வந்தது.

எந்தப் பாய் என்று தேவியார் கேட்க, அவள் சொன்னாள். தேவியாரின் தந்தையார், பெரிய அரசர், தமது கப்பலுக்கென்று ஆழித்துறையில் நெய்வித்த பருத்திப் பாய் அது. மழை கழிந்ததும் கப்பலைக் கொணர்ந்து பாயை ஏற்றிக்கொள்வதாக உம்மிடம் சொல்லிப் போனார். அந்த மழையில்தான் முகத்துவாரம் அடைபட்டது. கப்பல் வரவில்லை, பாயைக் கேட்டும் எவரும் வரவில்லை. நீர் அதைத் தை மாதந்தோறும் வெயிலில் விரித்து, வேப்பிலையும் வசம்பும் இட்டு மடித்து வைக்கிறீர். பிள்ளைகளை அதன்மேல் உட்காரவிட்டதில்லை. கொட்டகைக் கூரை ஒழுகிய ஓர் ஐப்பசியில் உம் வீட்டுக் கூரை ஓலையைப் பிரித்துப் பாய்க்கு மேலே வேய்ந்துவிட்டு, குடும்பத்தோடு நனைந்துகொண்டு கிடந்தீர். ஏன் என்று நாகையார் கேட்டதற்கு, கப்பல் வந்தால் என்ன பதில் சொல்வது என்றீராம்.

அவை எழுந்த பிறகும் தேவியார் எழவில்லை. இதை ஓலையில் எழுத வேண்டாம் என்று கட்டளை. எழுதிவிட்டேன்.

மறுநாள் தாழைமுகத்துத் தலைமகன் அந்துவன் அழைக்கப்பட்டார். மருமக்கள் போனால் தம் படகின் வலங்கை போனாற்போல் ஆகும் என்று முதலில் தலையைச் சொறிந்தார். பிறகு, தம் தந்தை காலத்தில் துடுப்பு வாங்க வக்கற்ற தாழைமுகத்துக்கு ஆழித்துறை தன் துடுப்புகளைக் கொடுத்துதவியதையும், எவரும் அவற்றைத் திருப்பிக் கேளாததையும், அவற்றில் ஒன்று இன்றும் தம் வீட்டு எரவாணத்தில் ஆழித்துறை முத்திரையோடு இருப்பதையும் சொன்னார். வெற்றிலை வந்தால் ஒருவனையும் தடுக்கேன் என்று வாக்களித்தார். ஆனால் பந்தயத்தில் தம் படகை மெதுவாக விடச் சொல்லலாகாது என்றார். தேவியார் வாய்விட்டுச் சிரித்து, மெதுவாக விட்டால் தண்டம் விதிப்போம் என்றார்.

ஆதலால் தேவியாரின் ஆணை யாதெனில்:

உம் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. ஆழித்துறையின் பெயர் இருந்த இடத்திலேயே இருக்கும். பெரிய அரசரின் பாய் இன்றுமுதல் எயினாதனுக்கும் அவர் மரபினர்க்கும் உரியது. இதைக் கொடை என்று எண்ணி மறுக்க வேண்டாம்; ஆண்டாண்டாய்க் காத்ததற்கு அரண்மனை தரத் தவறிய காவற்கூலி இது. இனி அது உம் வீட்டுத் துணி. கப்பலில் ஏறாததும் காற்று ஒருமுறையும் தொடாததும் ஆகையால், அது புத்தாடையே என்று அறநூலோரைக் கேட்டும் உறுதி செய்தாயிற்று. அதை வேட்டி அளவாய் அறுத்து, உம் கொடிக்கால் வெற்றிலையோடு, திருநாளுக்கு முந்தின நாள் மருமக்கள் வீடுதோறும் அனுப்புவீராக. முரட்டுத் துணிதான், முதல் நாள் இடுப்பைக் கடிக்கும். மாமனார் வீட்டுச் சீர் என்று பொறுத்துக்கொள்ளட்டும். சுக்கானை நீரே பிடிப்பீராக.

தேவியார் தம் சொல்லாய் உமக்குச் சொல்லச் சொன்னது இன்னொன்று உண்டு. அந்தக் கப்பல் வராது, எயினாதரே. அதை அன்றே ஆள் விட்டு உமக்குச் சொல்லியிருக்க வேண்டும். அரண்மனை மறந்தது, அது அரண்மனையின் பிழை. நீர் பாயை மடித்து வைத்துக்கொண்டு வராத கப்பலுக்குக் காத்திருந்தீர். அக்கரையில் உம் பிள்ளைகள் குளித்துவிட்டு வாசலில் உட்கார்ந்து உமக்குக் காத்திருக்கிறார்கள்.

இரட்டைச் சேல் பொறித்த அரசிலச்சினை இட்டு, சேலாறும் அம்மனும் சான்றாக விடுத்த திருமுகம். இதற்கு மாறு செய்வார் இலர் ஆகுக.

முத்திரைக்குப் பின் தேவியார் சேர்க்கச் சொன்னது: இவ்வோலையைக் கொணர்ந்து உம்முன் நிற்பவள் வெண்ணி. வழியெல்லாம் ஒன்றும் உண்டிருக்கமாட்டாள். முதலில் அவளுக்குச் சோறு போடும். பிறகு கத்தரிக்கோலைத் தேடலாம். இதுவும் ஆணை.