பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவர்

அன்புள்ள மூத்த மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள், நீ என் கதையை நம்பு. உன் மகள் இருந்தாள். அவள் புருஷன் இருந்தான். அவனுடைய அம்மா, அதாவது உன் சம்பந்தி, புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வெள்ளைச் செருப்புப் போட்ட வீட்டுத் தரகர் இருந்தார். வீட்டை விற்கிறவர் இருந்தார், தொண்டையைக் கனைக்காமல் ஒரு வார்த்தை பேசமாட்டார். அவருடைய மனைவி கதவோரமாக நின்றாள். கடைசியாக நான். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தார்கள். அதில் ஒரு கால் ஆடியது.

நீங்கள் எல்லோரும் சுகம்தானே? உன் தோள்வலிக்கு டாக்டரைப் பார்த்தாயா, இல்லை அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே இருக்கிறாயா? எனக்கு முட்டியைத் தவிர மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. உன் தம்பி குடியிருக்கும் இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் மறுபடியும் படுத்துவிட்டது. மூன்று மாடி இறங்கினால் ஏறமுடியாது என்று நான் இறங்குவதே இல்லை. அதற்காகத்தான் அந்த வீட்டைப் பற்றி இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

வீடு நல்ல வீடுதான். மேலே இரண்டு அறை. கீழே கூடம், சமையலறை, அதை ஒட்டி ஒரு சின்ன அறை. அந்தச் சின்ன அறைக்குத் தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். படி ஏறவேண்டாம். உட்கார்ந்தபடியே போகிற வருகிற ஆட்களைப் பார்க்கலாம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, பார்த்துவைத்துக்கொண்டேன்.

போனதும் உன் மகள், "பைப்பெல்லாம் எப்பங்க மாத்துனீங்க?" என்று கேட்டாள். வீட்டுக்காரர் கனைத்துக்கொண்டு, அவள் புருஷனைப் பார்த்து, "எல்லாம் நல்ல பைப் சார்" என்றார். "எங்கயாவது ஒழுகுதா?" என்று இவள் கேட்டாள். "ஒரு சொட்டு கிடையாது சார்" என்று அவனுக்குச் சொன்னார். கேட்கிற வாய் ஒன்று, பதில் போகிற காது ஒன்று. கடன் அவள் பேரில், பத்திரம் அவள் பேரில், கண் ஆஸ்பத்திரியில் கால் கடுக்க நின்று சம்பாதித்தவளும் அவள். அந்தப் பையன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். கெட்டவன் இல்லை. யாராவது சார் என்று கூப்பிட்டால் கழுத்து தானாக ஆடிவிடுகிறது.

பிறகு தரகர் சொன்னார்: "சார், நாம மேல போயி டேங்க், தளம் எல்லாம் பாத்துட்டு, ரிப்பேர் செலவு யாரு என்னன்னு அங்கயே பேசி முடிச்சிருவோம். நீங்கல்லாம் சமையல்கட்டைப் பாருங்கம்மா. உங்களுக்கு அதுதானே முக்கியம்." உன் மகளும் படியில் கால் வைத்தாள். "வேணாம்மா, படி செங்குத்து. சார் பாத்துக்குவாரு" என்று கையை நீட்டி மறித்தார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரிங்க, சமையல்கட்டையே பாக்குறோம்" என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். சின்ன வயசில் கத்திரிக்கோலைத் தொடாதே என்று நான் சொன்னால், சரி பாட்டி என்பாள் அதே குரலில். போய்ப் பார்த்தால் திரைச்சீலை இரண்டாக இருக்கும்.

குறை கண்டுபிடிக்கிறவளை, குறை இருக்கிற இடத்துக்கே அவர்களாக அனுப்பிவைத்தார்கள். அவ்வளவு கெட்டிக்காரர்கள்.

சமையலறையில் ஈரத்துணியை மூட்டை கட்டிவைத்தது போல ஒரு வாடை. அதை முதலில் கண்டுபிடித்தவள் நான். நன்றாக நினைவு வைத்துக்கொள். "என்னமோ வாடை அடிக்குதே" என்றேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்லிவிட்டேன். உன் மகள் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் காதில் விழவில்லை. உடனே உன் சம்பந்தி மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "என்னம்மா இது, ஈர வாடை!" என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். "ஆமா அத்தே! எப்படி அத்தே கண்டுபிடிச்சீங்க?" என்று உன் மகள் அவளிடம் ஓடினாள்.

வாடையைப் பிடித்துக்கொண்டே போனால் அந்தச் சின்ன அறை. சுவரை அடைத்துக்கொண்டு ஒரு இரும்பு பீரோ நின்றது. வீட்டுக்காரர் மனைவி அதுவரை வாயே திறக்கவில்லை. எங்கள் பின்னால் வந்து நின்று, "அதை நாங்க நகத்துறதே இல்லைங்க" என்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. சொன்னவளே வந்து பீரோவில் கையும் வைத்தாள். மூன்று பேரும் சேர்ந்து தள்ளினார்கள். எனக்கு முட்டி. ஆடுகிற நாற்காலியை அந்த அறைக்கே இழுத்துவந்து போட்டு உட்கார்ந்து, "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பின்னால் சுவர் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குக் கறுத்துப்போயிருந்தது. உன் மகள் விரலால் தொட்டாள். பூச்சு மாவாக உதிர்ந்தது.

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கி வந்தார்கள். "சார்கிட்ட பேசியாச்சு. விலை சொன்ன விலை. சின்னச் சின்ன ரிப்பேரெல்லாம் அவரே பாத்துக்கிறேன்னுட்டாரு" என்றார் வீட்டுக்காரர். உன் மகள் புருஷனைப் பார்த்தாள். "நான் சரின்னு சொல்லிட்டேனே" என்றான், பரிதாபமாக. அவள் சுவரைக் காட்டினாள். வீட்டுக்காரர் கனைத்தார். "இது காத்துல இருக்கிற ஈரம்மா. ஒரு பெயிண்ட் அடிச்சா தெரியாது. நீங்க பயப்படாதீங்க, சாருக்குப் புரியும்." தரகர், "வீட்டுக்குப் போயி சாரோட கலந்து பேசுங்கம்மா" என்றார்.

மகளே, அப்போது என் வாயில் ஒரு பேச்சு தயாராக இருந்தது. நாம் இருந்த வீட்டை உன் அப்பாவும் பெரியப்பாவும் பேசி முடித்த நாளிலிருந்து அது தயாராக இருக்கிறது. கூரை ஒழுகும் போலிருக்கிறதே என்று நான் காட்டினேன். "உள்ள போயி தண்ணி கொண்டா" என்றார் உன் பெரியப்பா. தண்ணீர் கொண்டுவருவதற்குள் கை குலுக்கிவிட்டார்கள். மழை பெய்தால் சொட்டுகிற இடத்தில் குண்டானை வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நீ படித்தது உனக்கு மறந்திருக்காது. இந்த வீட்டுக்குள்ள கிடக்கப்போறவ நான், என்கிட்ட பேசுங்க. இதுதான் அந்தப் பேச்சு. குளிக்கும்போது, பாத்திரம் தேய்க்கும்போது, உன் அப்பா போன பிறகு அவர் படத்துக்கு முன்னாலும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தது.

நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தேன். ஆடுகிற கால் ஒரு பக்கம் சாய்ந்தது. நான் நிமிர்வதற்குள் உன் சம்பந்தி ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, என் பையனுக்குக் குழாயை எந்தப் பக்கம் திருகினா தண்ணி வரும்னே தெரியாது. அவன்கிட்ட போயி பேசியிருக்கீங்க. வாங்குறவ இவ. இருக்கப்போறவ இவ. இவகிட்ட பேசுங்க."

என் பேச்சு. வார்த்தைகூட அதிகம் மாறவில்லை.

வீட்டுக்காரர் அப்போதுதான் உன் மகளின் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தார். அவள் என்ன செய்தாள் தெரியுமா? கூடத்தில் சாருக்கென்று போட்டிருந்த மெத்தை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். சுவருக்குள் போகிற பைப்பை மாற்றவேண்டும், பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசவேண்டும், கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டுவேன், அவர் சொல்கிற செலவு முழுவதையும் விலையில் கழிக்கவேண்டும், இல்லாவிட்டால் கிளம்புகிறோம் என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "பொண்ணுங்க இவ்வளவு கறாரா இருக்கக்கூடாதும்மா" என்றார் அவர். "கறார்னே சொல்லிக்கோங்க சார். ஆனா கழிச்சுட்டுச் சொல்லுங்க" என்றாள்.

அவர் மழுப்பினார். அப்போது கதவோரத்திலிருந்து அவர் மனைவி, "அந்தச் சுவரால எனக்கு வருஷம் பூரா இருமல்" என்றாள். தரகர் தன் செருப்பைப் பார்த்தார். வீட்டுக்காரர் கனைக்க மறந்துபோய், "சரி, கழிச்சுக்கோங்க" என்றார்.

உன் மகள் அந்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது என் கண்ணைவிட்டுப் போகவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. பெருமை மட்டும்தான் இருந்தது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், நான் பெற்றவள் நீ, உனக்குத் தெரியும். நான் அந்த வயசில் தம்ளரோடு நின்றேன்.

திரும்பி வரும்போது காரில் என்னை முன்னால் உட்காரவைத்தார்கள், முட்டிக்கு வசதி என்று. பின்னால் உன் மகள், "பட்டுனு கேட்டுட்டீங்க அத்தே" என்று மாமியார் தோளில் சாய்ந்துகொண்டாள். முன்கண்ணாடியில் தெரிந்தது. பல் முளைத்ததிலிருந்து என் தோளில் கிடந்தவள். நீ வேலைக்கு வெளியூர் போன பிறகு ஜுரத்தில் அவள் யார் மேல் வாந்தி எடுத்தாள் என்று அந்தக் கண்ணாடிக்காரிக்குத் தெரியுமா?

இப்போது கொத்தனார் வேலை முடிந்து, அந்த அறைக்கு வெளிர்பச்சை அடித்திருக்கிறார்களாம். நிறம் பார்த்தது உன் சம்பந்தி. சரி, ஆக, அறை அவளுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். நேற்று அவளே போன் செய்தாள். "சம்பந்தி, ஜன்னலோரமா கட்டில் போடச் சொல்லியிருக்கேன். நீங்க அந்த ரூமுக்கு வந்துருங்க. வாடையை மொதல்ல கண்டுபிடிச்சது நீங்கதானே, என் காதுல விழுந்துச்சு" என்றாள். பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நான் எழுதியதாகச் சொல்லாமல், பேச்சோடு பேச்சாக உன் மகளிடம் சொல். அந்த அறைக்கு வா பாட்டி என்று அவள் தன் வாயால் ஒரு தடவை கூப்பிட்டால் போதும். பச்சை நிறமாக இருந்தாலும் பரவாயில்லை. என் துணிமணி ஒரு பையில் அடங்கிவிடும்.

தோளுக்கு ஒத்தடம் கொடு. நீயும் உன் வீட்டாரும் ஒழுகாத கூரைக்குக் கீழே நிறைந்து வாழவேண்டும்.

உன் அம்மா

பின்குறிப்பு: தரகரை விட்டுத்தள்ளு, அவர் பிழைப்பு அது. வீட்டுக்காரருக்கு அவர் மனைவியின் இருமலே போதும். தலையாட்டின பையன் மறுநாள் வந்து மன்னிப்புக் கேட்டான், விட்டுவிட்டேன். உன் பெரியப்பாவைக்கூட, செத்துப்போனார் என்பதற்காக விட்டுவிடலாம். ஆனால் நான் இத்தனை வருஷம் வைத்திருந்த பேச்சை எடுத்துப் பேசிவிட்டு, வாடையை மட்டும் என்னிடமே திருப்பிக் கொடுத்தாளே, அவளை மட்டும் சாகிறவரை மன்னிக்கமாட்டேன். உன் சம்பந்தியை.