பதினாறில் தொடங்கிய படம்

செவ்வாய்க்கிழமை, இரவு. மழை விடவில்லை.

அக்கா தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

தேயிலைக் கொழுந்தெடுத்துவிட்டு வந்ததும் சொன்னாள். "காலையில வேல பிரிக்கிற பெரட்டுல வச்சு தொர எங்கள ஏசிட்டாரு புள்ள. எங்க டிவிசன்ல கொழுந்து பாதிதானாம். ஆபீஸ்ல யாரோ படம் போட்டுக் காட்டினாங்களாம்."

அந்த யாரோ, தோட்ட ஆபீஸில் வேலை செய்யும் நான்தான். நேற்றைய கூட்டத்தில் திரையில் காட்டுவதற்கு, நான்கு டிவிசன்களின் கொழுந்துக் கணக்கைச் சார்ட்டாக்கி ஸ்லைடில் போட்டுக் கொடுத்தேன். தூண்களின் மேலிருந்த எண்கள் நெரிசலாகத் தெரிந்தன, அழித்தேன். குட்டையான தூணுக்குச் சிவப்பு அடித்தேன். தெளிவாக இருக்கிறதென்று தோட்ட மேலாளரான துரை சொன்னபோது எனக்குப் பெருமை வேறு.

இப்போதுதான் லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். இடப்பக்க அளவு பூச்சியத்தில் தொடங்கவில்லை, பதினாறில் தொடங்குகிறது. தானாக வந்தது, நான் கவனிக்கவில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு அக்காவின் டிவிசனில் பதினேழு கிலோ, மற்றவற்றில் பதினெட்டு. ஒரே ஒரு கிலோ. படத்தில் அது பாதியாகிவிட்டது.

பூச்சியத்துக்கு மாற்றினேன். நான்கு தூண்களும் ஏறக்குறைய ஒரே உயரம். நாளை துரையிடம் சொல்லியே ஆகவேண்டும். எப்படித் தொடங்குவது?

எதுவென்றாலும் அக்காவிடம்தான் சொல்வேன். எனக்கு வேறு ஆளில்லை.

"படம் போட்டது யாருன்னு ஒனக்குத் தெரியுமா?" என்று இரவு சோறு போடும்போது கேட்டிருந்தாள்.

"தெரியாதுக்கா."

நம்பிவிட்டாள். நம்பி, என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.