இரண்டாவது கையெழுத்து

முரசுமோட்டை
12.08.2025

அன்புள்ள மச்சாள் சாரங்காவுக்கு,

நாங்கள் நலம். வவுனியா வெயிலில் பள்ளிக்கூடம் போய்வருகிற நீரும் நலமாக இருக்க வேண்டும். கடன் கம்பனிக்காரரின் அழைப்புக்குப் பயந்து போனை நிறுத்தி வைத்திருக்கிறேன். அதுதான் கடிதம்.

நான்கு கம்பனிகளில் நுண்கடன், ஒன்றைக் கட்ட இன்னொன்றாக எடுத்தது, நான்கு லட்சமாகிவிட்டது. கிழமையில் நான்கு நாள் வாசல் படலையில் வசூல்காரரின் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது. எல்லாவற்றையும் ஒரே வங்கிக் கடனாக்கினால் மாதம் ஒருமுறை கட்டி மூச்சுவிடலாம். மூன்று தரம் வங்கிக்குப் போனேன். ஒவ்வொரு தரமும் புதிதாக ஒரு பேப்பர் கேட்டார்கள். கடைசியில் மனேஜர், "பிணையில்லாமல் உங்களுக்கு ஒண்டரை லட்சம்தான் அம்மா. கூடத் தாறதெண்டால் ரெண்டு அரசாங்க உத்தியோகத்தர் கையெழுத்து வைக்கோணும்" என்றார்.

தபாற்கந்தோர் கதிர்காமநாதன் அண்ணை ஓம் என்றுவிட்டார். மற்றக் கையெழுத்து, ரீச்சராக இருக்கிற நீர் வைப்பீரா? உம்முடைய பாலன் அண்ணாவுக்கு, இவருக்கு, சொல்லவில்லை. சொன்னால், தங்கச்சியைக் கரைச்சல்படுத்தாதே என்பார்.

உம்மை நம்பியிருக்கும்
நேசமலர்

வவுனியா
21.08.2025

அன்பான மச்சாள்,

இதை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். என்னால் கையெழுத்து வைக்க முடியாது. மனமில்லாமல் இல்லை. வைத்தாலும் வங்கி எடுக்காது.

போன வருடம் பாலன் அண்ணா மூன்று லட்சம் வங்கிக் கடன் எடுத்தார். நான்தான் பிணை. துணுக்காயில் குத்தகை வயல் செய்தார். "விளைஞ்சால் நேசத்தின்ர கடன் முழுக்க முடிச்சுப்போட்டுத்தான் அவளுக்குச் சொல்லுவன். அதுவரைக்கும் நீ வாய் திறக்கப்படாது" என்று சத்தியம் வாங்கினார். வெள்ளம் வயலைக் கொண்டுபோய்விட்டது. அவரால் கட்ட முடியவில்லை. எட்டு மாதமாக என் சம்பளத்தில் வெட்டுகிறார்கள்.

அவரை ஏசாதேங்கோ. சத்தியத்தை மீறியதற்கு என்னையும் மன்னியுங்கோ.

சாரங்கா

முரசுமோட்டை
30.09.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

உம்முடைய கடிதத்தைக் குசினியில் வைத்து அவருக்கு வாசித்தேன். முடித்துவிட்டுக் கேட்டேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ ஏற்கெனவே படுற பாடு போதாதே எண்டு நினைச்சன்."

கோபம் வந்தது. பிறகு நானும் அவருக்கு ஒளித்துத்தானே உமக்கு எழுதினேன் என்று நினைத்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

இவருடைய உழவு இயந்திரத்தை விற்று, நீர் பிணை நின்ற கடனை முழுவதும் கட்டிவிட்டோம். அடுத்த மாதத்திலிருந்து உம்முடைய சம்பளம் முழுதாக வரும். என் பெயரில் அந்த ஒன்றரை லட்சத்தை எடுத்து, வட்டி கூடிய இரண்டு கம்பனிக் கடன்களை மூடினேன். மற்ற இரண்டும் கிடக்கின்றன. இவர் இப்போது மற்ற ஆட்களின் உழவு இயந்திரத்தை ஓட்டிக் கூலிக்கு உழப் போகிறார்.

ஆறு மாதம் போனால் வங்கி உம்முடைய பிணையை மறுபடி ஏற்குமாம், எனக்கு இன்னும் கூடக் கடன் தருமாம். மனேஜர் சந்தோஷமாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

தீபாவளிக்கு வாரும். உம்முடைய முகத்தைப் பார்க்க அண்ணாவுக்கு வெட்கமாம். நீர் வருகிற நாள் தெரிந்தால் வயலுக்குப் போய்விடுவார். அதனால் சொல்லாமல் வாரும். வந்து, நீரே முதலில் அவரோடு கதையும்.

உம்முடைய
நேசமலர்