கணக்கு வெளியே இருத்திய பிள்ளை

தொண்டைமானாறு
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் சிவகரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

சன்னிதி முருகன் புண்ணியத்தில் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், நீயும் மருமகளும் பிள்ளைகளும் அந்தக் குளிருக்குள்ளும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடு இதை எழுதுகிறேன். உன் தங்கச்சி உதயகலாவின் மூத்தவள் கஜானிக்குத் திருநெல்வேலிக் கம்பஸில் விஞ்ஞானம் படிக்க இடம் கிடைத்துவிட்டது, சின்னவள் பிரசாந்தி வலைப்பந்தாட்டத்தில் மாகாண மட்டத்துக்குப் போய் வந்தாள். உன் மகள் தாரிகா வயலினில் கடைசிச் சோதனையும் பாஸ் பண்ணிவிட்டாளாம், மருமகள் சொன்னாள். உன் மகன் லக்சன் தன் ஒபிசில் எல்லாரையும் வென்று அந்த உதைபந்தாட்டப் போட்டியில் முதலாவதாக வந்தான் என்று நீ சொன்ன நாளிலிருந்து அதை நான் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. அப்படிச் சொல்லித் திரிந்ததால் வந்த வெட்கத்தைத்தான் இப்போது எழுதப்போகிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, மருமகளும் பக்கத்தில் நிற்பாள்.

லக்சன் எனக்கு வடிவாகத்தான் விளங்கப்படுத்தியிருந்தான். கம்பியூட்டரில் ஆளுக்கொரு கற்பனை அணி, உண்மையான ஆட்டக்காரரில் பதினொரு பேரைக் கிழமைக்குக் கிழமை தெரிந்தெடுக்கவேண்டும், அவர்கள் மைதானத்தில் நன்றாக விளையாடினால் இவனுக்குப் புள்ளி. மற்றவர்கள் தங்களுக்குப் பிடித்த ஆளைத் தெரிய, இவன் மட்டும் ஒவ்வொருவரும் போட்ட கோல், மைதானத்தில் நின்ற நேரம், எதிரணியின் பலம் எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு அது சொல்கிற ஆளை எடுப்பானாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேரன் கணக்காலே லண்டனில் வென்றான் என்று எனக்குத் தலைகால் தெரியாத புழுகம், அப்படி ஒரு சந்தோசம். சன்னிதி மடத்தில் சாப்பாட்டுக்கு இருந்தபோது எங்கள் விளையாட்டுக் கழகத் தலைவர் தியாகலிங்கத்திடம், "என்ரை பேரன் லண்டனிலை இருந்து கிழமைக்குக் கிழமை ரீம் தெரியிறவன், அவன் சொன்னால் பிழைக்காது" என்று சொல்லிவிட்டேன். அவர் உடனே, "அப்ப ஆச்சி, எங்கடை பைனலுக்கும் ஒருக்காத் தெரிஞ்சு தரச் சொல்லுங்கோவன்" என்று பிடித்துக்கொண்டார். லக்சனிடம் கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, "அப்பம்மா, இது சும்மா விளையாட்டுக்குச் செய்யிறது. உங்கடை பெடியளை நான் கண்டதே இல்லை. இதை நம்பி ஒருத்தரையும் வெளியிலை நிப்பாட்ட வேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்றான். நான் விடவில்லை, சொன்ன சொல்லுக்கு மானம் போகப்போகுது என்று கெஞ்சினேன். தியாகலிங்கம் அனுப்பிய விபரங்களைப் போட்டுப் பெயர்களை அனுப்பினான். பெயர்களைக் கொண்டுபோய்ச் சொன்னேன். நிப்பாட்ட வேண்டாம் என்றதைச் சொல்லவில்லை. சொன்னால் பேரனின் மதிப்புக் குறையும் என்று விழுங்கிவிட்டேன் மகன்.

அந்தப் பெயர்களில் பக்கத்து வளவு அற்புதராணியின் மகன் தனோஜன் இல்லை. நீ போன முறை வந்தபோது தாரிகாவை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனவன். பின்னுக்கு நின்று மறிக்கிற அவனுக்குக் கோல் போடுவது வேலை இல்லை, தகப்பனோடு கடலுக்குப் போனதால் சில ஆட்டங்களும் விட்டவன். கழகத்தில் ஆர் கோல் போட்டது என்று இருக்கிறதே தவிர, ஆர் மறித்தது என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. சூத்திரத்துக்கு அவன் ஒன்றுமில்லாத ஆளாகத் தெரிந்திருக்கிறான். கொழும்பு அணி ஒன்றுக்கு ஆள் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் அவனை மைதானத்துக்கு வெளியே வாங்கில் இருத்திவிட்டார்கள். எதிர்ப்பக்கம் கோலுக்கு மேல் கோல். வந்தவர்கள் இடைவேளையோடு எழும்பிப் போனார்கள். சனம் "லண்டன் ரீம் எங்கை ஆச்சி?" என்று கூப்பிட, வெயிலும் இல்லை மழையும் இல்லை, நான் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பேச்சு வாங்க ஆயத்தமாகத்தான் அடுத்த நாள் அற்புதராணியிடம் போனேன். அவள் ஏசவில்லை. தேத்தண்ணி தந்துவிட்டு, "மாமி, தோத்தது பரவாயில்லை. கணக்கே தன்னைக் கழிச்சுப்போட்டுதாம், இனி என்னத்துக்கு விளையாட எண்டு பூட்சைத் தம்பிக்குக் குடுத்திட்டான்" என்றாள். நாலு சொல்லு ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அங்கேயே இருந்து லக்சன் சொன்னதை முழுதாகச் சொன்னேன், தியாகலிங்கத்திடமும் போய்ச் சொன்னேன். "இதை முந்தியே சொல்லியிருக்கலாமே ஆச்சி" என்று மட்டும் சொன்னார், என் முகத்தைப் பார்க்கவில்லை. தனோஜன்தான் நம்புகிறானில்லை. "ஆச்சி என்னை ஆறுதல்படுத்தச் சொல்லுறா" என்றுவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதுதான் மகன், லக்சனை அவனோடு ஒருக்கால் கதைக்கச் சொல்லு. தன் சூத்திரத்துக்கு மறிக்கிற பிள்ளையைப் பார்க்கக் கண் இல்லை என்று செய்தவனே சொன்னால் நம்புவான். நான் சொல்ல இனிப் பெறுமதி இல்லை. நம்பரை உதயகலா அனுப்புவாள். லக்சனை ஏசிப்போடாதே, அவன் சரியாகத்தான் சொன்னவன், பிழை என்னுடையது.

குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போ, மருமகளை மருந்து தவறாமல் எடுக்கச் சொல்லு. நீங்கள் எல்லாரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க முருகன் கூட நிற்பான். லக்சனின் புதுப் படம் ஒன்று தபாலில் போட்டுவிடு. வென்ற கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது வேண்டாம், சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மாதிரி ஒன்று எடுத்து அனுப்பு. ஒருவருக்கும் காட்டமாட்டேன், நான் பார்க்க.

என்றும் உன்னை வாழ்த்தும் அம்மா,
குணலட்சுமி