கழற்றாத மஞ்சள் காப்பு

இன்று காலை பின்வளவில் ஓர்க்கிட் சட்டியைத் துப்புரவாக்கினேன். காய்ந்த தண்டின் தோல் நகத்தோடு உரிந்து வந்தது. வெளிறிய மஞ்சள். உன் கையில் கிடந்த காப்பின் நிறம் இல்லை. இது வேறு சாதி, இங்கே கிளென் வேவர்லிக் குளிரில் அந்தப் பொன்னிறம் வராது என்று நீயே சொல்லியிருக்கிறாய். தோலைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை வரவில்லை. நீ போன நாளிலிருந்தே வரவில்லை.

உன் கணவர் கிழக்கு இமயமலைக்காரர். அங்கே காட்டு ஓர்க்கிட் தண்டின் தோலை நாராகக் கிழித்துக் காயவைத்தால் பொன்போல ஆகிவிடுமாம். பிரம்போடு சேர்த்துத் தலைப்பட்டியும் காப்பும் பின்னுவார்களாம். கல்யாணத்தன்று உன் மாமியார் அப்படி ஒரு காப்பை உனக்குப் போட்டுவிட்டார். மதுரைக்காரி நீ, தாலியைவிட அதைத்தான் பத்திரமாக வைத்திருந்தாய். குளிக்கும்போது பிளாஸ்டிக் பை கட்டுவாய். நான் சிரிப்பேன்.

கேரம் டவுன்ஸ் கோயிலில் ஓர் அன்ரி உன் கையைப் பிடித்தது ஞாபகமா? மஞ்சள் நூல் என்றே நினைத்துவிட்டார்.

"என்ன பிள்ளை, கலியாணக் காப்பை இன்னும் கழட்டேல்லையோ?"

"இல்ல ஆன்ட்டி, எங்களுக்கு இன்னும் கல்யாணம் முடியல" என்றாய். பக்கத்தில் உன் கணவர் ஒன்றும் விளங்காமல் தலையாட்டினார்.

அவர் இறந்தபோது மற்றவர்கள் சொன்ன எல்லாவற்றையும் கழற்றினாய், காப்பைத் தவிர. பிறகு நீயும் ஆஸ்பத்திரிப் படுக்கையில் விழுந்தாய். ஊசி போட வந்த தாதி காப்பை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தாள். நீ மற்றக் கையை நீட்டினாய். அவள் போனதும், "எரிக்கும்போதும் இது இருக்கணும். நீ பாத்துக்கோ" என்றாய். "ஓம்" என்றேன்.

ஸ்பிரிங்வேல் சுடலை மண்டபத்தில் சிநேகிதி நான் உனக்குச் சேலை உடுத்தி முடிக்கும்போது, ஊரிலிருந்து வந்த உன் அக்கா உள்ளே வந்தார்.

"அந்தக் காப்பு எங்கேம்மா? அவ ஞாபகமா எனக்கு அது ஒண்ணு போதும்."

அவர் கேட்டதும் நியாயம்தான். முந்தானையை உன் கைமேல் இழுத்துவிட்டேன்.

"ஆஸ்பத்திரியில வெட்டிப்போட்டினம், அக்கா."

அவர் சுவரில் சாய்ந்து அழுதார். நான் உன் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

இப்போதும் தொலைபேசியில் கேட்கிறார், ஒரு நார்கூட மிஞ்சவில்லையா என்று. இன்று உரிந்த இந்தத் தோலை அனுப்பினால் நம்பிவிடுவார். அனுப்பமாட்டேன். உனக்காகச் சொன்ன அந்தப் பொய்தான் என்னிடம் மிச்சம். அதை நானும் கழற்றப்போவதில்லை.