கெளை மட்டும்னு சொன்னியே, செம்மொழி

செம்மொழி, சாவி மீட்டர் பெட்டி மேல இருக்கு. கத்திரிக்காய்க் கொழம்பு மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்க. கவுன்சிலர் ஆனாலும் பசிக்கத்தானே செய்யும். எழிலு ஸ்கூல் விட்டு வந்ததும் பால் குடுத்துடு.

நீ போன் எடுக்கல, அதான் எழிலோட டேப்ல டைப் பண்ணி வச்சிட்டுப் போறேன். பஸ் ஸ்டாண்டு வேப்பமரத்த அடியோட வெட்டிட்டாங்க. அதுக்குச் சீக்கு வந்தது நெசந்தான், நுனியெல்லாம் கருகிப்போனத நானும் பாத்தேன். ஆனா நீ என்ன சொன்னே? "பேரூராட்சி ஆளுங்க கருகுன கெளைய மட்டும் வெட்டிட்டு மருந்தடிப்பாங்க அத்தை"ன்னு சொன்னே. அத நம்பித்தான் மரத்தடியில வடை சுடுற அம்சத்துக்கு, மரம் எங்கயும் போகாதுன்னு நான் வாக்குக் குடுத்தேன். என் மருமக எங்கிட்ட பொய் சொல்ல மாட்டான்னேன்.

இன்னிக்கு அவ கேக்குறா, "ஒங்களுக்குத் தெரியாமயா பெரியம்மா வெட்டுறாங்க?"ன்னு. மெஷினோட வந்த ஆளு சொல்றான், கவுன்சிலரம்மா போன வாரமே முழுசா வெட்டச் சொல்லிட்டாங்கன்னு. சீக்கு மத்த மரத்துக்குப் பரவும்னா அத எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் என்ன மரத்தக் கட்டிப்புடிச்சுக்கிட்டா நின்னிருப்பேன்? தெனமும் ஒண்ணா ஒக்காந்துதானே காப்பி குடிச்சோம். ஒன் வாயில ஒரு வார்த்தை வரல.

ராத்திரிக்கு மாவு பிரிஜ்ல இருக்கு. நான் வந்ததும் எங்கிட்ட பேச்சுக் குடுக்காத, மனசு ஆறல.

சொல்ல மறந்துட்டேன். மாடியில சுருட்டி வச்சிருந்த ஒன் தேர்தல் பிளக்ஸ் பேனர எடுத்துட்டுப் போறேன். அம்சம் அடுப்போட வெயில்ல நிக்கிறா, நாலு கம்பு நட்டு மேல கட்டணும். ஒன் மூஞ்சி வானத்தப் பாக்குற மாதிரிதான் கட்டப்போறேன். அடிக்கிற வெயில நீயே வாங்கிக்க.