நாற்பத்தெட்டாம் எண் வீட்டு விளக்கு

அன்பு அக்கா,

அம்மாவின் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு இருப்பதால், இந்தக் கடிதத்தை அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். எதையும் கூட்டாமல் குறைக்காமல் எல்லாவற்றையும் உண்மையாகப் பதிவு செய்வேன் என்று முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "எழுதுறது கடுதாசிடி, கோர்ட்டு சாட்சி இல்ல" என்றாள். அதையும் எழுதிவிட்டேன். இனிமேல் 'நான்' என்று வருவதெல்லாம் அம்மா. நான் குறுக்கே பேச நேர்ந்தால் அடைப்புக்குறிக்குள் பேசுவேன். அம்மாவின் பேச்சை எழுத்துத் தமிழில் மாற்றிக்கொள்ள அனுமதி வாங்கியிருக்கிறேன். மேற்கோளுக்குள் வரும் பேச்சை மட்டும் பேசியபடியே விடுகிறேன்.

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சின்னவளும் சௌக்கியம், என் மணிக்கட்டு மட்டும் இன்னும் மூன்று வாரத்தில் சௌக்கியமாகிவிடும். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் தலையைச் சாய்க்கிறேன், அந்த நினைப்பைப் பொய்யாக்காமல் வேளாவேளைக்குச் சாப்பிடு. குட்டிக்குக் கடைவாய்ப்பல் முளைத்துவிட்டதா? போனில் கேட்க வேண்டும் என்று நினைத்து நினைத்து மறந்துபோகிறேன். போன் எடுத்தால் நீ "சொல்லும்மா" என்கிறாய், நான் "நீ சொல்லு" என்கிறேன், இரண்டு பேரும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே வைத்துவிடுகிறோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் இந்தக் குடியிருப்புக்கு வந்து பதினான்கு மாதமாகிறது. விளம்பரத் தாளில் நீ பார்த்த மரங்கள் எல்லாம் வரைந்த மரங்கள், நிஜ மரங்கள் இப்போதுதான் சின்னவளின் தோள் உயரத்துக்கு வந்திருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு முட்டுக்கம்பு. ஆனாலும் குறை சொல்வதற்கில்லை. பள்ளிக்கூடம் நடக்கும் தூரம், வண்டிகள் ஊர்ந்துதான் போகலாம், பிள்ளைகள் தெரு நடுவிலேயே சாக்கட்டியால் கோடு போட்டு விளையாடுகிறார்கள், எந்தத் தாயும் ஜன்னலில் நின்று தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை. ஒரு குளம் வெட்டி வாத்து விட்டிருக்கிறார்கள். வாத்துக்குத் தீனி போடக் காலை ஏழு முதல் எட்டு வரைதான் அனுமதி, எட்டரைக்குப் போனால் வாத்துகளே முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. (இது மிகை. ஆனால் ஒரு வாத்து உண்மையாகவே திருப்பிக்கொண்டது, நான் பார்த்தேன்.) பொதுக்கூடத்தில் ஓர் அலமாரியை நிறுத்தி நூலகம் என்று எழுதியிருக்கிறார்கள், உள்ளே அறுபத்து மூன்று புத்தகம். சின்னவள் அத்தனையையும் முடித்துவிட்டு இப்போது நீச்சல்குள மோட்டாரைப் பழுதுபார்க்கும் கையேட்டில் நிற்கிறாள். (நாற்பதாம் பக்கம். நினைத்ததைவிடச் சுவாரசியமாக இருக்கிறது.)

மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வீடு, எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது. சாம்பல் நிறக் கதவு, வெள்ளை ஜன்னல், இடது பக்கம் வாசல் விளக்கு. கதவில் கையகல எண்ணைத் தவிர வேறு எதையும் மாட்டக் கூடாது, எழுதக் கூடாது, பூசக் கூடாது, இது பதினேழாம் விதி. சங்கச் செயலாளர் எதற்கெடுத்தாலும் அந்த விதியையே சொல்வதால் பிள்ளைகள் அவருக்குப் பதினேழு மாமா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அப்பாவுக்கும் அவருக்கும் முதலில் ஆகவில்லை. அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, அச்சகத்தில் நாளெல்லாம் பிழை திருத்தியும் கை அரிப்பு அடங்காமல், சங்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாள்களையும் சிவப்புப் பென்சிலால் திருத்திவிட்டு வந்தார். மாமா ஒரு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தார், இப்போது ஒட்டுவதற்கு முன்பே வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடுகிறார்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். (இதைச் சொல்லிவிட்டு அம்மா எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள், பிறகு ஜன்னலைத் துடைத்தாள், பிறகு உட்கார்ந்தாள்.) குளியலறையில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டேன் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். நான் விழுந்தது நம் வீட்டிலேயே இல்லை. நேர் எதிரே இருக்கும் நாற்பத்தெட்டாம் எண் வீட்டில், ஜன்னலுக்குத் திரை மாட்ட ஸ்டூலில் ஏறியபோது விழுந்தேன்.

அது யாரும் வராத காலி வீடு. ஆனால் காலி வீடானாலும் வாசல் செடிகள் வாடக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. விற்பனை அலுவலகத்துப் பெண் தண்ணீர் ஊற்ற அலைவதைப் பார்த்து, "எங்கிட்ட சாவியக் குடும்மா, நான் பார்த்துக்கறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அப்புறம் ஒருநாள் நீ போனில், எதிர்வீடு இன்னும் காலியாகவா இருக்கிறது, பார்க்கலாம்மா என்றாய். பார்க்கலாம் என்று மட்டும்தான் சொன்னாய், நான்தான் அதற்குள் உன்னைக் குடிவைத்துவிட்டேன். மறுநாள் சாயங்காலம் தண்ணீர் ஊற்றப் போனபோது அங்கே விளக்கைப் போட்டேன். திரும்பி வந்து நம் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால், நீ வேலை முடிந்து வந்துவிட்டாய் போல, குட்டி உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறாள் போல இருந்தது. ஏழு மணிக்குப் போடுவேன், எட்டு மணிக்கு அணைப்பேன், மூன்று மாதமாக ஒருநாள் தவறவில்லை. விளக்கு எரிகிற வீட்டுக்குத் திரை இல்லாமல் இருக்கிறதே என்று, நம் வீட்டுத் திரையில் மிஞ்சிய துணியைத் தைத்து எடுத்துக்கொண்டு போனேன். ஒரு ஜன்னலுக்கு மாட்டிவிட்டேன், இரண்டாவதில் விழுந்தேன்.

அப்பாவுக்குக்கூடத் தெரியாது. தெரிந்த விதத்தைக் கேட்டால் நீ சிரிப்பாய். போன வியாழக்கிழமை எதிர்வீட்டில் விளக்கைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்தாமல், பின்பக்கம் குழாயை மூடப் போயிருந்தேன். நம் வாசல் விளக்கைப் போட மறந்துவிட்டேன். அப்பா ஏதோ ஒரு தாளைப் படித்துக்கொண்டே தெருவில் வந்தவர், நிமிர்ந்து பார்த்திருக்கிறார், சாம்பல் கதவு, எரிகிற விளக்கு, நம் வீட்டுத் திரை, நேரே உள்ளே போய்விட்டார். போனால் ஒரு நாற்காலி இல்லை, ஒரு தட்டு இல்லை. அப்படியே வெளியே ஓடி வந்து காவலாளியைக் கூப்பிட்டு, "ஒரு சாமான் விடலப்பா, துடைச்சு எடுத்துட்டான், சுவத்துல இருந்த ஆணியக்கூடப் பிடுங்கிட்டுப் போயிட்டான்" என்று அலறியிருக்கிறார். காவலாளி விசில் ஊத, அக்கம்பக்கம் கூட, பதினேழு மாமா நோட்டும் பேனாவுமாக வந்து நின்று களவு போன பொருள்களைப் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார். அப்பா முதலில் சொன்னது அலமாரியும் இல்லை, கட்டிலும் இல்லை, நான்கு தொகுதி அகராதி. (நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். நம் வீடு எதிரே பத்திரமாக இருப்பதை முதல் நிமிடமே பார்த்துவிட்டேன். அப்பா அகராதியை எத்தனையாவதாகச் சொல்கிறார் என்று தெரிந்துகொள்வதற்காகச் சற்றுப் பொறுத்தேன். அது தவறு.)

நான் சத்தம் கேட்டு மாவுக்கட்டோடு பின்வாசல் வழியாக உள்ளே வந்து, முன்வாசலில் போய் நின்றேன். அப்பா என்னைப் பார்த்ததும், "நல்லவேளை, உன்னையாவது விட்டுட்டுப் போனானே" என்றார். நான், "என்னங்க, நம்ம வீடு அந்தப் பக்கம் இருக்கு" என்றேன். கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் கழுத்தைத் திருப்பியது. காவலாளிதான் முதலில் வாய் திறந்தான், "சார், என் சர்வீஸ்ல திருடன் லைட்டப் போட்டு கர்ட்டன மாட்டிட்டுப் போய் நான் பார்த்ததில்ல." மாமா பட்டியலை அடித்துவிட்டு, கதவு எண்ணைப் படிக்காமல் உள்ளே நுழைவது எந்த விதியில் வரும் என்று யோசிக்கப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து டீ குடிக்கும்போது அப்பா கேட்டார், "யாருக்கு அந்த லைட்டு?" பெரியவளுக்கு என்றேன். மறுநாள் ஏழு மணிக்குச் சாவியைத் தேடினேன், காணோம், பார்த்தால் அவரே போய் விளக்கைப் போட்டுவிட்டு, ஸ்டூலில் ஏறி இரண்டாவது திரையையும் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். சனிக்கிழமை விற்பனை அலுவலகத்துப் பெண் வந்தாள். நம் குடியிருப்புக்கு வெளியே இருக்கும் பெரிய மருத்துவமனையில் ஒரு நர்ஸ் வேலை பார்க்கிறாளாம். வீடு வெகு தொலைவு, இரண்டு பஸ் மாற வேண்டும், மருத்துவமனைக் காப்பகத்தில் விட்டிருக்கும் மகள் சாயங்காலம் திரும்பும்போது பஸ்ஸிலேயே தூங்கிப்போகிறாளாம், சாப்பாடு பாதிநாள் தூக்கத்தில்தான். நாற்பத்தெட்டாம் எண் வீட்டை ஆசைப்பட்டு, வேலை முடிந்ததும் மூன்று முறை தெருவில் வந்து நின்று பார்த்திருக்கிறாள். விற்பனைக்கு என்று பலகை மாட்ட விதி இடம் தராது, பார்த்தால் விளக்கு எரிகிறது, திரை தொங்குகிறது, யாரோ குடிவந்துவிட்டார்கள் என்று மூன்று முறையும் திரும்பிப் போய்விட்டாள். அலுவலகத்தில் கேட்டபோது இந்தப் பெண்ணும், அது எதிர்வீட்டு ஆன்ட்டியின் மகளுக்கு என்று சொல்லியிருக்கிறாள். அவள் என்ன செய்வாள், உன் பெண் எப்போது வருகிறாள் என்று யார் கேட்டாலும் வந்துவிடுவாள் என்று சொல்லித் திரிந்தது நான்தானே. "ஆன்ட்டி, உங்க பொண்ணு வர்றது நிச்சயம்தானே, அப்படின்னா நான் மாசக் கடைசி வரைக்கும் யாருக்கும் காட்டாம வெச்சிருக்கேன்" என்று கேட்டாள். சின்னவள் குறுக்கே விழுந்து, "அக்கா பார்க்கலாம்னுதான் சொன்னா" என்றாள். மேஜைக்கடியில் கிள்ளினேன். (இடது கையால். இன்னும் சிவந்திருக்கிறது.) அப்பா, "மாசக் கடைசி வரைக்கும் இருக்கட்டும்மா, கேட்டுச் சொல்றோம்" என்று அனுப்பிவைத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நீ குட்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது போனை மாப்பிள்ளை எடுத்தார் அல்லவா. அவரைத் திட்டாதே, அவர் எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னார், "அத்தை, இந்த ஊர்ல பதினொரு பாலமும் இனி இவ பொறுப்புதான், அஞ்சு வருஷத்துக்கு." கையெழுத்துப் போட்டு இரண்டு மாதமாகிறதாமே. இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து நீ கேட்ட வேலை அது. ஒரு பாலத்தின் அடியில் நின்று பார்ப்பதற்கே உன்னை அனுமதிக்காத காலத்தில் நீ அழுததை நான் மறக்கவில்லை. அது கிடைத்த சந்தோஷத்தை அம்மாவிடம் சொல்ல முடியாமல் இரண்டு மாதம் "சொல்லும்மா, சொல்லும்மா" என்று மென்று விழுங்கியிருக்கிறாய். நான் இங்கே யாரும் இல்லாத வீட்டுக்கு விளக்குப் போட்டுக்கொண்டிருந்தால் நீ எப்படிச் சொல்வாய். நான் சொல்லாமலே உனக்குத் தெரிந்திருக்கிறது, பெற்ற பிள்ளைக்கு அம்மாவின் குரலே போதும்.

நேற்று அலுவலகத்துக்கு நானே நடந்துபோனேன். என் மகள் வரவில்லை, அவளுக்கு அங்கே பெரிய வேலை, என்று சொன்னேன். சொல்லும்போது குரல் நன்றாகத்தான் இருந்தது. (அம்மா வீட்டுக்கு வந்தபிறகு வெங்காயம் நறுக்கினாள். நேற்றுச் சமையலில் வெங்காயம் இல்லை.) அப்பா, இன்னும் பத்து நாள் பொறுத்திருக்கலாமே என்று இரண்டு மணி நேரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார், பிறகு சங்கத்து அறிவிப்பில் நான்கு பிழை கிடைத்ததும் சமாதானமாகிவிட்டார். நாளைக் காலை பத்து மணிக்கு அந்த நர்ஸ் மகளோடு வீட்டைப் பார்க்க வருகிறாள், அதற்கு முன்பே சாவியைக் கொடுத்துவிட வேண்டும். திரையைக் கழற்றவில்லை. அவர்களுக்குப் பிடித்தால் இருக்கட்டும், இரண்டு ஜன்னலுக்கும் அளவெடுத்துத் தைத்தது. அந்தக் குழந்தைக்கு வாத்துக் குளத்து நேரத்தைச் சொல்லிக் கொடுக்கச் சின்னவள் இப்போதே காத்திருக்கிறாள்.

உனக்கு ஒன்றிரண்டு சொல்லி முடிக்கிறேன். பாலத்தடியில் போகும்போது தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு போகாதே, தலையில் வை. ஈரக்காலோடு நிற்காதே. குட்டியை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று விவரமாக எழுது. வேலை கிடைத்த செய்தியை நீயே உன் வாயால் எனக்குச் சொல்ல வேண்டும், நான் இப்போதுதான் கேட்கிறவள் மாதிரி கேட்பேன். லீவு கிடைத்து வரும்போது எதிர்வீடு எதற்கு, மாடி அறை உனக்குத்தான், கட்டிலைக் குட்டி விழாத மாதிரி சுவரோரம் நகர்த்தியாகிவிட்டது. கதவெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே என்று தடுமாறாதே, எந்த வாசலில் விளக்கு எரிகிறதோ அதுதான் நம் வீடு, அப்பாவிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். குட்டிக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். பல் விஷயத்தை மறக்காமல் எழுது.

உன் அம்மா

(மேலே இருக்கும் கோணல் கோடு அம்மா இடது கையால் போட்ட கையெழுத்து. அக்கா, நீ சொல்லாமல் வைத்திருந்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம், பதினொரு பாலம் என்பதில் நிறையப் பெருமை, இரண்டும் உண்மை. இப்போது மணி எட்டு. அம்மா சாவியை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனாள், அப்பாவும் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே போனார். போகும் முன்பே நம் வாசல் விளக்கைப் போட்டுவிட்டார்கள். பிறகு எதிரே, நாற்பத்தெட்டாம் எண் வீட்டில், மாடி அறை, கூடம், வாசல் என்று ஒவ்வொன்றாக விளக்குகள் அணைக்கப்பட்டன.)